மூன்றாவது படத்தில் இல்லாத ஆள்

1

எம்.ஜி.ராமச்சந்திரன் நடித்த படங்கள் நூற்று முப்பதுக்கு மேல். அவரே டைரக்ட் செய்தவை மூன்றுதான். 'நாடோடி மன்னன்' 1958 ஆகஸ்டில் வந்தது. 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973 மே மாதம். 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' 1978 பொங்கலுக்கு, ஜனவரி 14 அன்று. அவர் கடைசியாக நடித்து வெளிவந்த படமும் இந்த மூன்றாவதுதான். கதையால் இவை தொடர்ச்சி உடையவை அல்ல. ஆனால் ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட மூன்று அத்தியாயங்கள் என்ற அளவில் இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. மற்ற படங்களில் டைரக்டர், தயாரிப்பாளர், வசனகர்த்தா எல்லோரும் அவரை ஊகித்துச் செய்தார்கள். இவற்றில் அவரே தன்னை ஊகித்தார்.

முதலிரண்டும் பெற்ற வரவேற்பைப் பற்றி இன்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது அந்த மாதிரி ஓடவில்லை. முதலமைச்சர் ஒருவர் கதாநாயகனாகத் திரையில் வாள் வீசும் படம், அதுவரை தமிழ்நாடு காணாதது, ஜனங்கள் முண்டியடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஏன் அப்படி நடக்கவில்லை? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று வயது. அவர் பிறந்தது 1917 ஜனவரி 17. படம் வெளியான அன்று அறுபத்தோரு வயது நிறைய மூன்று நாள் பாக்கி. இன்னொன்று, ரஸனை மாறிவிட்டது என்பது. '16 வயதினிலே' 1977 செப்டம்பரில் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதே 1978இல் 'முள்ளும் மலரும்', 'அவள் அப்படித்தான்' எல்லாம் வரவிருந்தன. கோவணம் கட்டிய சப்பாணியைப் பார்த்த கண்ணுக்குக் கிரீடம் அட்டையாகத் தெரிந்துவிட்டது என்பார்கள்.

இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் போதா. வயது காரணமென்றால் 1973இலேயே அவருக்கு ஐம்பத்தாறு. 1967இல் குண்டு பட்ட தொண்டையிலிருந்து வந்த குரல்தான் அந்தப் படத்திலும். யாரும் குறையாகச் சொல்லவில்லை. ரஸனை மாற்றம் காரணமென்றால், புதிய ரஸனை எட்டாத ஊர்களிலாவது இந்தப் படம் கொண்டாடப்பட்டிருக்க வேண்டும். அப்படியும் இல்லை என்பதைத் தர்மபுரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியும்.

மூன்றில் முடியும் நாயகக் கதைகளின் மூன்றாவது பாகத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் சொல்லும் அபிப்பிராயத்திற்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த 2012இல் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் வரிசை மூன்றாவது படத்தோடு முடிந்தது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. நாயகன் காலொடிந்து ஒதுங்கிக் கிடக்கிறான், பாதாளச் சிறையில் பாதிப் படத்தைக் கழிக்கிறான், முகமூடியோடு தென்படுவதே குறைவு என்பது புகார். பாராட்டியவர்களும் அதையே காரணமாகச் சொன்னார்கள். அதாவது இரண்டு கட்சியும் பேசியது படத்தின் தரத்தை அல்ல. 'எங்களுக்குத் தருவதாகச் சொன்னது வந்து சேர்ந்ததா' என்பதை. தமிழில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. ஏனென்றால் இங்கே நாயகன் திரையிலிருந்து இறங்கிக் கோட்டைக்குள் போய்விட்டான். அதே 1978 டிசம்பரில் அமெரிக்காவில் 'சூப்பர்மேன்' வெளியாகி அங்கே அதிமனிதனின் சினிமா ஒரு புதுக் கட்டத்தைத் தொடங்கியது. இங்கே அந்த ஆண்டுப் பொங்கலோடு ஒரு கட்டம் முடிந்திருந்தது.

2

தர்மபுரி, சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். சினிமா வியாபாரத்தில் அது பிரியவே இல்லை. விநியோகஸ்தர்கள் கணக்கில் அது 'சேலம் ஏரியா'தான். படப்பெட்டி சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வரவேண்டும். சேலத்திலும் தர்மபுரி டவுனிலும் ஓடித் தேய்ந்து, மழைக்கோடு விழுந்து, வெட்டி ஒட்டிய பிரதிதான் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களுக்கு வரும். கீற்றோ டெண்ட்டோ போட்ட கொட்டகை. மணல் தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. பெண்களுக்கு ஒரு பக்கம் தடுத்த இடம். புரொஜெக்டர் ஒன்றே என்பதால் ரீல் மாற்ற மூன்று நாலு இடைவேளை. இதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். ஏக்கத்தோடு எழுதிவிட்டார்கள் என்பதுதான் சங்கடம். மணலைக் குவித்து உட்கார்ந்த சுகத்தைச் சொல்கிறவர்கள், அது மிகக் குறைந்த காசுக்கான இடம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நான் இந்த மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். நவம்பர் மாதம் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்க ஓய்வூதியக்காரர்கள் வருவார்கள். மாதாமாதம் முதியோர் உதவித்தொகைக்கு வருகிறவர்கள் வேறு. 1978இல் இருபதும் இருபத்தைந்துமாக இருந்தவர்கள். கைரேகை விழாமல் இயந்திரம் மக்கர் செய்கிற நேரம் பேச்சுக்குத் தோதான நேரம். மூன்றாவது படம் எப்படி இருந்தது என்று கேட்கத் தொடங்கினேன். ஆய்வு என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன். கேள்வித்தாளும் இல்லை, அட்டவணையும் இல்லை. ஆனால் ஒரே விஷயம் வெவ்வேறு வாய்களில் திரும்பத் திரும்ப வந்தபோது அதைக் குறித்துக்கொண்டேன்.

முதலில் எனக்குப் பிடிபட்டது, அவர்கள் நினைவில் இந்த மூன்று படங்களும் வரிசையாக இல்லை என்பது. பாலக்கோட்டுப் பக்கத்து ஒருவர் 'உலகம் சுற்றும் வாலிபன்' முதலில் பார்த்தார், பிறகு 'சுந்தரபாண்டியன்', அதற்கும் இரண்டு வருஷம் கழித்து 'நாடோடி மன்னன்'. அவர் சொன்னார்: "எங்களுக்கு அவரு வருஷா வருஷம் வயசு கொறஞ்சுக்கிட்டே வந்தாருங்க சார்." இது வேடிக்கைப் பேச்சல்ல; ஸ்தூலமான உண்மை. பழைய படம் வாடகை குறைவு. ஆகையால் கிராமத்துக் கொட்டகையில் 1958ஆம் வருஷத்து நாற்பத்தோரு வயது எம்.ஜி.ஆர் எப்போதும் சுற்றி வந்துகொண்டேயிருந்தார். அறுபது வயது எம்.ஜி.ஆரைப் பார்த்த அடுத்த வாரம் இவரைப் பார்க்கலாம். வெளியீட்டுத் தேதி என்பது நகரத்துக் கருத்து. 'கடைசிப் படம்' என்பதும் நகரத்துக் கருத்துத்தான். டூரிங் டாக்கீஸுக்குக் கடைசிப் படம் என்ற ஒன்று கிடையாது. அடுத்த பெட்டி மட்டுமே உண்டு.

இது ஒரு நாயகனின் முதுமையை ரத்து செய்த ஏற்பாடு. எம்.ஜி.ஆர் ஏன் முதுமை அடையவில்லை என்பதற்கு மேக்கப்பையும் தொப்பியையும் காரணம் காட்டுகிறவர்கள், பெட்டிகள் சுற்றி வந்த முறையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே வயதாகிவிட்டதால் மூன்றாவது படம் பிடிக்கவில்லை என்ற காரணம் இந்த மணல் தரையில் செல்லாது.

3

அப்படியானால் என்ன காரணம்? அவர்கள் சொன்னதையே சொல்கிறேன்.

ஒருவர்: "ராஜா ராஜாவாவே வந்தா என்ன இருக்குது?"

இன்னொருவர், ரோடு போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்: "நாடோடி மன்னன்ல ரெண்டு பேரு. வாலிபன்லயும் ரெண்டு பேரு. இதுல ஒருத்தருதான். நம்ம ஆளு இல்ல."

ஒரு மூதாட்டி: "ஜரிகைத் துணியில வந்தாரா, அழுகையே வரல."

நடுவில் சொன்னவரின் வாக்கியத்தை நம் விமர்சகர் யாராவது எழுதியிருந்தால் அமைப்பியல் என்று சொல்லி ஏற்றுக்கொண்டிருப்போம். நாயகன் இரட்டை வேடம் போடுவது தமிழ் சினிமாவில் ஒரு வியாபாரத் தந்திரம். ஒரு டிக்கெட்டில் இரண்டு எம்.ஜி.ஆர். ஆனால் இந்த இரண்டு படங்களிலும் அந்த இரட்டைத்தன்மை ஒரே விதமாக வேலை செய்வதைக் கவனிக்க வேண்டும். 'நாடோடி மன்னன்' படத்தில் மார்த்தாண்டன் மன்னன். பட்டாபிஷேகத்திற்கு முன்னால் அவனுக்கு மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது, பிறகு கடத்திக் கொண்டுபோய் அடைத்து வைக்கிறார்கள். வீராங்கன் தெருவிலிருந்து வந்தவன், மன்னராட்சியை எதிர்ப்பவன். அவன் சிம்மாசனத்தில் உட்காருகிறான். 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் முருகன் விஞ்ஞானி. மின்னலின் சக்தியைச் சேமிக்கும் ரகசியம் அவனிடம் இருக்கிறது. அவன் நினைவு பறிக்கப்பட்டுக் கடத்தப்படுகிறான். தம்பி ராஜு தேடிக்கொண்டு கிளம்புகிறான். இரண்டிலும் அதிகாரமோ ஞானமோ உடைய ஒருவன் செயலற்றுக் கிடக்கிறான். அவன் முகமே உடைய இன்னொருவன் வெளியிலிருந்து வந்து அவன் இடத்தைக் காக்கிறான். மேலே இருக்கிறவன் முகமும் கீழே இருக்கிறவன் முகமும் ஒன்று என்பது ஒரு பெரிய வாக்குறுதி. பெஞ்சுக்காரனுக்கும் மணல் தரைக்காரனுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

'நாடோடி மன்னன்' ஆங்கிலத்தில் ஆண்டனி ஹோப் 1894இல் எழுதிய 'ஜெண்டா கைதி' கதையின் சாயல் கொண்டது என்று எல்லோருக்கும் தெரியும். வித்தியாசம் முக்கியமானது. ஹோப்பின் கதையில் மாற்றாள் தூரத்துச் சொந்தக்காரன், ஓய்வாகத் திரியும் கனவான். வேலை முடிந்ததும் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறான். தமிழில் மாற்றாள் ஏழை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டங்கள் போடத் தொடங்குகிறான். 1958இல் தி.மு.க சட்டசபைக்குள் நுழைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இரு வண்ணக் கொடியைத் தன் கம்பெனிச் சின்னத்திலேயே பிடிக்க வைத்த படம் அது. அந்தச் சட்டங்கள் கதையின் தேவைக்கு மிஞ்சியவை; ஒரு மனுவின் வாசகங்கள்.

1973இல் மனுவின் தொனி மாறிவிட்டது. அ.தி.மு.க தொடங்கியது 1972 அக்டோபர் 17. படம் வெளியானது 1973 மே 11. திண்டுக்கல் இடைத்தேர்தல் மே 20. படத்தை வெளிவர விடமாட்டார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியில் எடுத்த காட்சிகளைத் தர்மபுரிக்காரர்கள் பார்த்தபோது கண்காட்சியே முடிந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் படத்திற்கு டிக்கெட் வாங்குவது ஒரு செயல். மாயத்தேவருக்கு ஓட்டுப் போட முடியாத தர்மபுரிக்காரன் இங்கே டிக்கெட் வாங்கினான். "அது படம் பாக்கப் போனதில்ல சார், ஆஜர் கொடுக்கப் போனது" என்று ஒருவர் சொன்னார். இதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது.

மூன்றாவதில் ஒரே எம்.ஜி.ஆர், பிறப்பாலேயே இளவரசன். தெருவிலிருந்து வந்தவன் இல்லை. பறிபோன தன் சொத்தைத் தானே மீட்டுக்கொள்கிறான். அந்த வெற்றியில் பார்வையாளனுக்குப் பங்கு என்ன? ராஜா ஜெயிப்பதைப் பார்த்துக் கைதட்டுவது. இதற்கு முன்னால் அவன் செய்த வேலை அதுவல்ல. முன்னே அவனும் உள்ளே இருந்தான்.

4

படத்தின் பிறப்பிலேயே ஒரு தத்துத் தன்மை இருக்கிறது. அது பி.ஆர்.பந்துலு தொடங்கியது. 1974 அக்டோபரில் அவர் இறந்த பின் எம்.ஜி.ஆர் டைரக்ஷனை ஏற்றார். கதை அகிலனின் 'கயல்விழி'. படம் நீண்டு நீண்டு போய், 1977 ஜூனில் தேர்தலில் ஜெயித்து, ஜூன் 30இல் பதவி ஏற்று, அதற்கப்புறம் ஆறரை மாதம் கழித்து வெளியானது. பதவியேற்புக்கு முன் மிச்சப் படப்பிடிப்பை அவசரமாக முடித்துக்கொடுத்தார் என்பது எல்லோரும் சொல்கிற செய்தி.

வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்ட விஷயத்தில் வளம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டு முடிந்து பதின்மூன்று தொடங்கும் சமயம் மூன்றாம் குலோத்துங்கன் பாண்டி நாட்டின்மேல் மீண்டும் மீண்டும் படையெடுத்தான். மதுரையில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். அவமானப்பட்டவன் சடையவர்மன் குலசேகரன். 1216இல் பட்டத்துக்கு வந்த அவன் தம்பி மாறவர்மன் சுந்தரபாண்டியன் பழி தீர்த்தான். தஞ்சையையும் உறையூரையும் கொளுத்தினான். சோழரின் அபிஷேக மண்டபத்தில் தான் முடி சூடிக்கொண்டான். பிறகு கெஞ்சி வந்த சோழனுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்து, சோணாட்டை வழங்கியவன் என்று விருதும் போட்டுக்கொண்டான். திருவெள்ளறைக் கல்வெட்டு இன்னொரு தகவலையும் தருகிறது. எல்லாவற்றையும் இடித்த பாண்டியன், பட்டினப்பாலை பாடிய புலவனுக்குக் கரிகாலன் கொடுத்த பதினாறு கால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தானாம். கவிதை எழுதுகிறவர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டிய கல்வெட்டு.

இங்கே தகடூர்க்காரனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தகடூர் என்பது இந்தத் தர்மபுரிதான். குலோத்துங்கன் காலத்தில் இதை ஆண்டவன் அதியமான் வழிவந்த விடுகாதழகிய பெருமாள். சோழனுக்குக் கீழ்ப்பட்டவன், பிறகு பெயரளவுக்குக் கீழ்ப்பட்டவன். அதாவது மதுரையை இழந்த கதையில் இந்த ஊர் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. கொட்டகையில் இருந்த யாருக்கும் இது தெரிந்திருக்க அவசியம் இல்லை. தெரிந்திருந்தாலும் பாண்டியன் பக்கமே நின்றிருப்பார்கள், ஏனென்றால் பாண்டியன் எம்.ஜி.ஆர். ஆனாலும் ஒரு விஷயம் அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. முதல் படத்தில் எதிரி ராஜகுரு. இரண்டாவதில் விஞ்ஞானத்தை விற்கிறவன். இதில் எதிரி இன்னொரு தமிழ் ராஜா. 1973 மார்ச்சில் சிவாஜி கணேசன் ராஜராஜ சோழனாக வந்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே சோழன் என்றால் சிவாஜி கட்சி, பாண்டியன் என்றால் எம்.ஜி.ஆர் கட்சி என்று பையன்கள் பிரித்துக்கொண்டார்களாம். பாண்டியன்-சோழன் சண்டைக்கு அதற்கு மேல் ஓர் அர்த்தம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 'பொன்னியின் செல்வன்' கதையின் உரிமையை ஐம்பதுகளிலேயே வாங்கி, எடுக்கப் போவதாக அறிவித்து, எடுக்காமலே விட்டவர், சோழ ராஜ்யத்தைக் கொளுத்திய பாண்டியனாக நடித்து முடித்தார் என்பது அவருடைய தற்செயல்.

நான் சொல்ல வருவது இது. சிம்மாசனம் கேட்ட படம் 1958இல் வந்தது. அதைத் தடுக்கிறார்கள் என்று முறையிட்ட படம் 1973இல் வந்தது. சிம்மாசனம் கிடைத்த பிறகு 1978இல் வந்த படம் மறுபடியும் அதையே கேட்டது. என் தொழிலில் இதற்கு உவமை சொல்லலாம். கடன் தீர்ந்த கணக்கின் அடமானப் பத்திரம். அதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், பீரோவில் வைப்பார்கள், யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். பார்வையாளர்கள் அந்தப் படத்தை வெறுக்கவில்லை. அவர்கள் பங்கு பாக்கி எதுவும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992இல் எழுதிய ஆங்கில நூல், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளை எப்படிச் சிறைப்படுத்தியது என்பதை விரிவாக ஆராய்ந்தது. அந்தப் பிம்பத்தின் தயாரிப்பு முறைபற்றி அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஆனால் 'பிம்பச் சிறை'யில் இருப்பவன் எல்லாக் கதவையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும். இவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. அதே மனிதர், அதே வாள். இருந்தும் முதல் இரண்டை ஏற்று மூன்றாவதைத் தள்ளினார்கள். தள்ளியவர்களே 1980 மே மாதம் அவருக்கு மறுபடி ஓட்டுப் போட்டார்கள். படம் வேறு, ஓட்டு வேறு என்று பிரிக்கத் தெரிந்தவர்களை மயங்கியவர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சோம்பேறித்தனம். தமிழ்ச் சமூகம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று கா.சிவத்தம்பி 1981இல் சொன்னார். அந்தக் கூரையின் கீழ் ரசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

5

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டால் ஜனங்களின் விவேகத்தைப் பாராட்டியதாக ஆகும். அது எனக்கு உவப்பில்லை. அதற்குக் காரணம் 1980.

அந்த ஆண்டு ஆகஸ்டில் திருப்பத்தூரில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் குண்டுவெடிப்பில் இறந்தார். அதையடுத்து வட ஆற்காடு, தர்மபுரி மாவட்டங்களில் நக்சலைட் ஒழிப்பு என்ற பெயரில், வால்டர் தேவாரம் தலைமையில் போலீஸ் வேட்டை நடந்தது. இளைஞர்கள் பலர் 'மோதலில்' செத்தார்கள். நாயக்கன்கொட்டாயைச் சேர்ந்த பாலன் அவர்களில் ஒருவர். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். கந்துவட்டிக்கும் இரட்டை டம்ளருக்கும் எதிராக நின்றவர்கள் அந்த இளைஞர்கள். திரையில் வீராங்கன் செய்ததை அவர்கள் தரையில் செய்ய முயன்றார்கள் என்று சொன்னால் சற்று மிகையாக இருக்கும். ஆனால் வீராங்கன் போட்ட சட்டங்களைக் கேட்டு விசிலடித்த அதே கிராமங்கள் அவை.

என்னிடம் "நம்ம ஆளு இல்ல" என்று சொன்ன பெரியவரிடம் இதையும் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது போலீசு பண்ணது சார். அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். திரையில் ராஜா வேடத்திற்குள் நம் ஆள் இல்லை என்று நொடியில் கண்டுகொண்டவர், கோட்டையில் இருந்த ராஜாவைப் பற்றிய கேள்விக்கு 'நாடோடி மன்னன்' கதையையே பதிலாகச் சொன்னார்: நல்ல மன்னன் அடைபட்டுக் கிடக்கிறான், அவன் பேரால் ராஜகுரு ஆட்சி நடத்துகிறான். மூன்றாவது படம் செய்யத் தவறியதை அவர் தாமே செய்து முடித்துவிட்டார். இல்லாமல் போன இரண்டாவது எம்.ஜி.ஆரைக் கற்பித்துக்கொண்டார்.

ஜரிகைத் துணி என்று சொன்ன மூதாட்டியிடம் கடைசிப் படம் எது என்று கேட்டபோது அவர் சுந்தரபாண்டியனைச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில படுத்திருப்பாரே, கையெடுத்துக் கும்பிடுவாரே, அதுதான்" என்றார். எனக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர் நோயில் விழுந்து, நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பரில் தேர்தல். அவர் தொகுதிக்கு வரவில்லை, தமிழ்நாட்டிலேயே இல்லை. மருத்துவமனையில் அவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வீடியோப் படம் ஊர் ஊராகப் போட்டுக் காட்டப்பட்டது. அ.தி.மு.க ஜெயித்தது.

விமர்சனம் அந்த வீடியோவைப் படமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூதாட்டி சேர்த்தார், சரியாகத்தான் சேர்த்தார். அதில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. மன்னன் தூர தேசத்தில் செயலற்றுக் கிடக்கிறான். அவனை மீட்க வெளியிலிருந்து ஒருவன் வரவேண்டும். அந்த ஒருவன் இம்முறை திரையில் இல்லை, எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் வாள் இல்லை, ஓட்டுச் சீட்டு இருக்கிறது. 1958இல் தொடங்கியதற்கு 1978 முடிவு தரவில்லை, 1984 தந்தது. அந்தப் படத்தில் அவர்கள் அழுதார்கள்.

நம் பக்கத்தையும் ஒரு வரி சொல்லவேண்டும். 1977இல் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதி ஜான் ஆபிரகாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' வந்தது. நம் வட்டத்தில் சினிமாவைப் பற்றிப் பேசியவர்களின் கண் அங்கே இருந்தது. இருந்ததில் தவறில்லை, அது பேச வேண்டிய படம். அதே நேரத்தில் பாலக்கோட்டு மணல் தரையில் ஒரு படம் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. மிகச் சரியான காரணங்களுக்காகத் தள்ளப்பட்டது. சொன்னவர்கள் எழுதத் தெரியாதவர்கள். அவர்கள் கூர்மை கொட்டகை வாசலோடு நின்றுவிட்டது. நாயக்கன்கொட்டாய் வரை வரவில்லை. நம் கூர்மை முன்னூறு பிரதிகளோடு நின்றுவிடுகிறது; அதுவும் அங்கே போகவில்லை. எந்த ரஸனை உயர்ந்தது என்ற பழைய சண்டையைவிட, ரஸனை ஏன் தன் வாசலைத் தாண்டுவதில்லை என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டூரிங் டாக்கீஸ்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. 1978இல் பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் லைஃப் சர்ட்டிபிகேட் கொடுக்க வருகிறவர்கள் சிலர் குறைகிறார்கள். அவர்கள் அபிப்பிராயங்களை வேறு ஊர்களிலும் யாராவது கேட்டு எழுதிவைக்கலாம். மதுரையில் கேட்டால் வேறு பதில் வரக்கூடும். தஞ்சாவூரில் நிச்சயமாக வேறு பதில் வரும்.